வீட்டிலேயே பதிவு செய்து, நேரில் பார்க்காத கலைஞர்களோடு சேர்ந்து பாட்டு உருவாக்க எந்த மைக் வாங்கலாம்?

நீங்கள் இந்நேரம் நாலைந்து மைக்குகளை ஒப்பிட்டு, இரண்டு வாரமாக மதிப்புரை வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளியிருப்பீர்கள். ஒரு வரிகூட இன்னும் பதிவாகியிருக்காது. தப்பில்லை, நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மைக்குக்குக் கடைசியில் வருகிறேன். கேள்வியின் பின்பாதி, அதாவது "நேரில் பார்க்காத கலைஞர்களோடு", என்னைக் கொஞ்சம் கிளறிவிட்டது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒலிப் பொறியாளர் இல்லை, கச்சேரி செய்பவளும் இல்லை. வேலை முடிந்து வந்து ராத்திரியில் புல்லாங்குழல் வாசிப்பவள். துணி அலமாரியின் இரண்டு கதவையும் திறந்து வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து பதிவு செய்பவள். "அலமாரியெல்லாம் ஒலித்தடுப்பு ஆகுமா" என்று கீழே எழுத வருபவர்களுக்கு: ஆகாது, தெரியும். வெளிச் சத்தத்தை அது தடுக்காது. அறைக்குள் எழும் எதிரொலியைக் கொஞ்சம் விழுங்கும், எனக்கு அது போதும்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். இணையத்தில் பழக்கமான கீபோர்டு கலைஞர் ஒருவர் தன் பாட்டுக்குக் குழலில் ஒரு முன்னிசை கேட்டார். தாளம் கிடையாது, தம்புரா மட்டும் பின்னால் ஓடும், நீளம் 2 நிமிடம் 24 விநாடி. சுருதி ஐந்து கட்டை. என்னிடம் இருக்கும் நல்ல குழலும் ஐந்து கட்டைதான். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பதிவு செய்து, தம்புராவை நீக்கிக் குழலை மட்டும் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது.

"மேடம், வாசிப்பு நல்லா இருக்கு. ஆனா சுருதி சேரலையே? உங்ககிட்ட ட்யூனர் இருக்கா?"

கூடவே ஒரு படம். அவருடைய ட்யூனரில் என் ஷட்ஜம், அதாவது அடிப்படை 'ச', நாலு கட்டையிலும் இல்லை, நாலரையிலும் இல்லை. இரண்டுக்கும் நட்ட நடுவில் முள் சிவப்பாக நிற்கிறது.

பெண் என்பதால் அப்படிக் கேட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆண் ஒருவர் அனுப்பியிருந்தாலும் சுருதி சேரவில்லை என்றுதான் சொல்லியிருப்பார். ட்யூனர் இருக்கிறதா என்று கேட்டிருப்பாரா என்பது வேறு விஷயம்.

எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. பதினாறு வருஷமாக வாசிக்கிறவளுக்குக் கட்டை தெரியாமல் போகுமா என்று அவரைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குழலை எடுத்து ட்யூனர் முன்னால் ஊதினேன், சரியாக ஐந்து. அப்படியானால் பதிவு செய்யும்போது மட்டும் தப்பு செய்கிறேன் என்று நானே முடிவு கட்டினேன். பதற்றத்தில் குழலை உள்பக்கம் உருட்டினால் சுருதி இறங்கும், அதுவாக இருக்கும் என்று மறுபடி வாசித்தேன். அனுப்பினேன். அதே நடுமுள். குளிரில் குழலின் சுருதி இறங்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்தி, குழலைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்து, சூடேற்றி வாசித்தேன். அனுப்பினேன். அதே நடுமுள்.

அப்போதே மூளை வேலை செய்திருக்க வேண்டும். சுருதி வித்தியாசத்தை அளக்கும் சிறு அலகு சென்ட். ஒரு டிகிரி குறைந்தால் குழல் ஏறக்குறைய 3 சென்ட் இறங்கும். ஒரு அரைக்கட்டை இடைவெளி 100 சென்ட். என் குழல் இறங்கியிருந்ததாக அவர் காட்டியது 147 சென்ட் போல. குளிர்தான் காரணமென்றால் என் அறை கிட்டத்தட்ட 50 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டும்! உதடு விறைத்துப் போயிருக்கும், குழல் எங்கே வாசிப்பது. இந்தக் கணக்கை எல்லாம் முடிந்த பிறகுதான் போட்டேன். அந்த வாரம் முழுக்கச் செய்ததெல்லாம் பத்தொன்பது முறை திரும்பத் திரும்ப வாசித்ததும், புதுக்குழல் வாங்கலாமா என்று யோசித்ததும்தான்.

உண்மை ஒரு சின்ன வரியில் வந்து விழுந்தது. "நீளமும் கொஞ்சம் கூடிடுச்சு மேடம், 2:37 இருக்கு, 13 செகண்ட் குறைக்க முடியுமா?"

என் கணினியில் அதே கோப்பு 2:24 என்று காட்டியது.

பதிவு செய்வது என்றால் ஓசையை ஒரு விநாடிக்கு இத்தனை முறை அளந்து எழுதி வைப்பது. என் பக்கம் விநாடிக்கு 48,000 அளவு. அவருடைய வேலை விநாடிக்கு 44,100. என் கோப்பை உள்ளே இழுத்தபோது அவருடைய மென்பொருள் "மாற்றிக்கொள்ளட்டுமா" என்று கேட்டிருக்கிறது. அவர் "வேண்டாம்" என்று அழுத்தியிருக்கிறார். 48,000 அளவை 44,100 வேகத்தில் ஓட்டினால் எல்லாமே மெதுவாகும், நீளும், கீழே இறங்கும். 2:24 போய் 2:37 ஆகும், ஐந்து கட்டை நாலேகாலுக்குப் போகும். தாளம் இருந்திருந்தால் முதல் ஆவர்த்தனத்திலேயே இடித்திருக்கும். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்துப் பாட்டு 73.5-க்குப் போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்கும். முன்னிசை தாளமில்லாமல் மிதப்பது, மெதுவாகப் போனால் இன்னும் உருக்கமாகத்தான் கேட்கும். "வாசிப்பு நல்லா இருக்கு" என்றது அதற்குத்தான் போலிருக்கிறது.

இந்த 44,100 எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது. டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில் எழுதி வைத்த காலத்து மிச்சம் அது. வீடியோ படம் கோடு கோடாகத்தான் வரும், அதன் ஒவ்வொரு கோட்டிலும் மூன்று அளவு வைப்பார்கள். 294 கோடு, விநாடிக்கு 50 தடவை, பெருக்கினால் 44,100. இன்னொரு முறையில் 245 கோடு, 60 தடவை, அதிலும் 44,100. 1982-இல் சிடி கடைக்கு வந்தபோது அந்த எண்ணோடே வந்தது. வீடியோ வேலைகளில் 48,000 நிலைத்துவிட்டது. யாரோ எப்போதோ நாடாவில் கோடு எண்ணியதற்கு நான் போர்வையில் குழல் சுற்றினேன்.

அவரிடம் சொன்னேன். "ஓ, அப்படியா, சரி மேடம்" என்றார். அவ்வளவுதான். மன்னிப்பு எதிர்பார்த்தேன் என்று நினைக்காதீர்கள். எதிர்பார்த்தேன்தான், கொஞ்சமாக.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சலும் உண்டு, உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஏழு நிமிடத்துக்குக் குரல் செய்தி அனுப்புகிறார்களே, அவர்கள் யார்? எந்த இடத்தில் என்ன மாற்ற வேண்டும் என்பதை இரண்டு வரியில் எழுத முடியாதா? நடுவில் தொண்டையைச் செருமி, வாசலில் யாரிடமோ பேசிவிட்டு வந்து, "எங்க விட்டேன்" என்று யோசித்து, அந்த 'இரண்டாவது சரணத்துக்கு முன்னால' என்ற ஒரு சொல்லுக்காக நான் மூன்று முறை முழுசாகக் கேட்கிறேன். வேலை இடத்திலும் இதே கதைதான், உறவுகளிலும் இதே கதைதான். அந்த 13 விநாடியை அவர் எழுதி அனுப்பியதால்தான் கண்ணில் பட்டது. குரல் செய்தியில் சொல்லியிருந்தால் இன்றைக்கும் குழலைச் சூடேற்றிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

சரி, உங்களுக்கு வருகிறேன். யாரோடு சேர்ந்தாலும் கோப்பின் பெயரிலேயே கட்டை, வேகம், 48-ஆ 44.1-ஆ என்பதை எழுதிவிடுங்கள். கோப்பின் தொடக்கத்தில் தம்புரா செயலியின் ஷட்ஜத்தை ஐந்து விநாடி வைத்துவிட்டு, பிறகு வாசியுங்கள். குழலிலோ குரலிலோ வைக்காதீர்கள். செயலிக்கு உதடும் கிடையாது, பதற்றமும் கிடையாது. அதுவே கீழே இறங்கிக் கேட்டால் உங்களை யாரும் குற்றம் சொல்ல முடியாது. தாளத்தோடு வாசிப்பதென்றால் கிளிக்கோடு, அதாவது வேகம் காட்டும் டிக்-டிக் ஓசையோடு, நாலு கைதட்டல் முன்னால் போடுங்கள். எம்பி3-ஆக மாற்றினால் முன்னால் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும், எதிர்முனையில் அந்தக் கைதட்டலை வைத்துத்தான் நகர்த்திப் பொருத்துவார்கள். முடிந்தால் சுருக்காத வேவ் (WAV) கோப்பாகவே அனுப்புங்கள்.

இணையத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசிக்கலாமே என்று தோன்றும். நாங்களும் முயன்றோம். மேடையில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவரின் ஓசை நம் காதுக்கு வரவே ஏறக்குறைய 29 மில்லிநொடி ஆகும், அதுவே இழுக்கும். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் அதைவிட எத்தனையோ மடங்கு. நான் அவருக்காகக் காத்திருக்க, அவர் எனக்காகக் காத்திருக்க, பத்து வரியில் பாட்டு படுத்துவிட்டது. ப்ளூடூத் ஹெட்போனும் அதே ரகம். பதிவு செய்யும்போது வயர் உள்ளதையே மாட்டுங்கள், காதை மூடும் வகையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் தம்புரா கசிந்து மைக்கில் ஏறும்.

மைக். என்னுடையது கண்டென்சர் வகையில் ஒரு சின்ன மைக், ஒருவர் வேண்டாமென்று கொடுத்தது. மேலே அச்சடித்திருந்த பெயர் தேய்ந்து இரண்டு எழுத்துதான் மிச்சம், அதனால் எது என்று என்னாலேயே சொல்ல முடியாது. ஊதும் துளைக்கு நேரே வைக்காமல், ஓர் அடி தள்ளி, சற்று மேலே பக்கவாட்டில் வைக்கிறேன், மூச்சுக் காற்று அடிக்காது. அந்த முன்னிசை இதில் வாசித்ததுதான். கடைசியில் பாட்டில் போனது பத்தொன்பதில் ஒன்றுகூட இல்லை, நான் முதல் முதலில் அனுப்பிய அதே கோப்பு.