இனிப்பு போன பிறகு என்ன மிஞ்சும்?

ஆடி முடிந்ததும் ஒயின் கடிதங்கள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில் நாலு கடிதங்கள் சர்க்கரையைப் பற்றியே கேட்டன. திராட்சையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், சர்க்கரையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அதனால் இந்த இதழை அந்த நாலு பேருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் மகன் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறான். வருஷா வருஷம் திராட்சை வாங்கி வீட்டில் ஒயின் போடுவான். இந்த முறை வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போடலாமா என்கிறான். எவ்வளவு அனுப்பட்டும்? (வாசகி, பெரம்பூர்)

ஒரு கிலோ போதும் அம்மா. வீட்டுத் தேவைக்கு ஒயின் போட அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது, அதனால் தயங்காமல் சொல்கிறேன். ஆனால் சர்க்கரை முழுவதற்கும் கருப்பட்டியைப் போடச் சொல்லாதீர்கள்.

நான் உடன்குடிப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி ராயபுரத்துக்கு வந்து நாற்பது வருஷமாகிறது. என் தாத்தா பனையேறி. விடிலியில், அதாவது காய்ச்சும் குடிசையில், பாட்டி பதநீர் காய்ச்சும்போது அடுப்புக்கு ஓலை தள்ளிக் கொடுத்து வளர்ந்தவள் நான். அதனால் மகள் வீட்டுக்கு, அதே ஸ்கார்பரோவுக்கு, முதல் முறை போனபோது கருப்பட்டியும் உலர்ந்த திராட்சையும் தண்ணீரும் மட்டும் வைத்து ஒரு ஜாடி போட்டேன். வெள்ளைச் சர்க்கரை ஒரு துளிகூடச் சேர்க்கவில்லை. மூன்று மாதம் கழித்து வாயில் வைத்தால் உப்பு, கசப்பு, அடிப்பிடித்த வாசனை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

முப்பது வருஷம் பள்ளியில் வேதியியல் நடத்தியவள் முன்பே யோசித்திருக்க வேண்டிய விஷயம் அது. புளிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்ட் இனிப்பைத்தான் தின்று ஆல்கஹாலாக்கும், மற்றதைத் தொடாது. கருப்பட்டியில் இருக்கும் தாது உப்பு, பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் பூசும் சுண்ணாம்பின் மிச்சம், ஓலைப் புகை எல்லாம் அப்படியே நிற்கும். இனிப்பு இருக்கும்வரை இவை நமக்கு மணமாகத் தெரியும். இனிப்பு போன பிறகு இவை மட்டும்தான் ஒயினில் இருக்கும். அதனால் ஒயினுக்குச் சர்க்கரை தேடும்போது எது அதிகம் இனிக்கிறது என்று பார்க்காதீர்கள். இனிப்பு போன பிறகு மிஞ்சுவது நமக்குப் பிடிக்குமா என்று பாருங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் சாற்றில் ஆல்கஹால் ஒரு சதவீதம் கூட ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை வேண்டும். மகனுடைய திராட்சைச் சாறு தானாக 9 சதவீதம் தரும், அவனுக்கு 12 வேண்டும் என்றால், லிட்டருக்கு 51 கிராம். பத்து லிட்டருக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை வெள்ளைச் சர்க்கரையாகவே போடட்டும். மறுபாதிக்கு 300 கிராம் கருப்பட்டி. கருப்பட்டி முழுக்கச் சர்க்கரை இல்லை, ஈரமும் உப்பும் உண்டு என்பதால் அந்தக் கூடுதல் 50.

கருப்பட்டியைத் தட்டி, கொஞ்சம் வெந்நீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு, மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, இரவு முழுக்க அசைக்காமல் வைக்க வேண்டும். காலையில் பாத்திரத்தைச் சாய்த்துப் பார்த்தால் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மெழுகியதுபோலப் படிந்திருக்கும். தெளிவு மட்டும் ஒயினுக்கு, அடிமண்டியைக் கொட்டிவிட வேண்டும். சுண்ணாம்பு புளிப்பைக் கொஞ்சம் கொன்றுவிடும், அதனால் ருசி பார்த்து எலுமிச்சைச் சாறு சேர்க்கலாம். சாற்றின் அடர்த்தியை வைத்துச் சர்க்கரையைக் கணக்கிடும் ஹைட்ரோமீட்டர் வைத்திருந்தால் அதையும் முழுக்க நம்ப வேண்டாம். கரைந்த உப்பையும் அது சர்க்கரைக் கணக்கிலேயே காட்டும்.

வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். போன வருஷம் ஒரு கடையில் ‘அசல்’ என்று கொடுத்தது உள்ளே மினுமினுவென்று படிகம் படிகமாக இருந்தது. வெள்ளைச் சர்க்கரைப் பாகு கலந்த சரக்கு. நல்ல கருப்பட்டி உள்ளே மங்கலாக இருக்கும், சிரட்டை வாசமும் புகை வாசமும் வரும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகாவது கலப்படம் குறையும் என்று நம்பினேன்.

கேள்வி: என் அக்கா வீட்டுக் கொல்லையில், கனடாவில்தான், பெரிய மேப்பிள் மரம் நிற்கிறது. பதநீர் மாதிரி அதன் நீரை எடுத்து நேரே ஒயின் போடலாமா? (வாசகர், கொருக்குப்பேட்டை)

நேரே போட்டால் ஒன்றும் கிடைக்காது தம்பி. நம் பதநீரில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை. மேப்பிள் நீரில் இரண்டு பங்குதான். அப்படியே புளிக்க வைத்தால் ஆல்கஹால் ஒரு சதவீதத்தைச் சுற்றித்தான் நிற்கும், அதற்குள் கெட்டும் போய்விடும்.

மகள் வீட்டில் அந்த நீரை முதல் முறை கையில் ஏந்திக் குடித்தேன். மார்ச் மாதம், மரத்தடியில் இன்னும் பனி. இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில்தான் அந்த நீர் ஓடும். தண்டில் சின்னத் துளை போட்டுக் குழாய் செருகியிருந்தார்கள். வாளியில் டிக் டிக் என்று சொட்டு விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடி மாதிரி தெளிவு. நுங்குத் தண்ணீரை நாலு மடங்கு நீர்க்கச் செய்தால் எப்படி இருக்கும், அந்த அளவு இனிப்பு. எனக்குப் பெரிய ஆச்சரியம், வாளியில் சுண்ணாம்பு இல்லை. தாத்தா கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசாமல் பாளையில் கட்டவே மாட்டார், பூசாவிட்டால் அது கள். அங்கே அந்த வேலையைக் குளிர் பார்த்துக்கொள்கிறது. வெயில் ஏறிய நாட்களில் அதுவும் கலங்கிவிடும், அன்றன்றே காய்ச்ச வேண்டும்.

40 லிட்டர் நீர் காய்ந்தால் ஒரு லிட்டர் பாகு. ஒயினுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். 40 லிட்டரை 4 லிட்டராகச் சுண்டவிட்டால் சர்க்கரை நூற்றுக்கு இருபதாகிவிடும், அது 11, 12 சதவீத ஆல்கஹாலுக்குப் போதும். வெளியில் அடுப்பு வைத்துக் காய்ச்சச் சொல்லுங்கள். 36 லிட்டர் ஆவி வீட்டுக்குள் போனால் சுவரெல்லாம் நனைந்துவிடும். அப்புறம் எலுமிச்சைச் சாறும் ஈஸ்டுக்கான சத்துப் பொடியும் கட்டாயம் சேர்க்க வேண்டும். திராட்சையில் புளிப்பும் சத்தும் கூடவே வரும், மரத்து நீரில் அது போதாது. துளை போட மரத்தின் குறுக்களவு 25 செ.மீ.யாவது இருக்கட்டும். சின்ன மரத்தை வருத்தாதீர்கள்.

இனிப்பு போன பிறகு இதில் மிஞ்சுவது மென்மையான ஒரு மர வாசம். கருப்பட்டி மாதிரி முரட்டுத்தனம் கிடையாது. பிர்ச் மரத்திலும் நீர் எடுக்கலாம், ஆனால் ஒரு லிட்டர் பாகுக்கு 100 லிட்டர் வேண்டும். விறகுதான் செலவு.

கேள்வி: மொட்டை மாடியில் பீட்ரூட், சர்க்கரைவள்ளி, டிரம்மில் நாலு கரும்பு வளர்க்கிறேன். இவற்றை வைத்துக் கிறிஸ்துமஸ் ஒயின் போடலாமா? (வாசகி, கொடுங்கையூர்)

நீங்கள் இருப்பது தமிழ்நாட்டில். இங்கே உரிமமில்லாமல் வீட்டில் மது புளிக்க வைப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பண்டிகைக்கு என்றாலும் குற்றம்தான். சரி, சட்டம் இல்லாவிட்டாலும் பீட்ரூட் வேண்டாம் என்பேன், அதன் மண் வாசம் போகவே போகாது. சர்க்கரைவள்ளியில் சர்க்கரையைவிட மாவுச்சத்துதான் அதிகம், ஈஸ்ட் அதை நேரே தின்னாது.

உங்களுக்கு ஏற்றது பெரம்பூர் ஆங்கிலோ இந்தியன் வீடுகளில் போடும் இஞ்சி ஒயின். பெயரில்தான் ஒயின், புளிக்க வைப்பதே இல்லை. கால் கிலோ இஞ்சியை நசுக்கி, இரண்டு லிட்டர் தண்ணீரில் பட்டை, கிராம்பு, நாலு காய்ந்த மிளகாயோடு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். முக்கால் கிலோ சர்க்கரை, கால் கிலோ வடித்த கருப்பட்டிக் கரைசல், நாலு எலுமிச்சைச் சாறு. நிறத்துக்காகச் சர்க்கரையைக் கருக்குவார்கள், கருப்பட்டி போட்டால் அது தேவையில்லை. இங்கே இனிப்பு அப்படியே இருப்பதால் கருப்பட்டியின் கசப்பும் நாக்கில் படாது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, தண்ணீர் சேர்த்துக் குடியுங்கள். கரும்பைப் பொங்கலுக்கு விட்டு வையுங்கள்.

கேள்வி: மே மாதம் மீஞ்சூர் சாலையில் பதநீர் வாங்கி, பாட்டிலில் இறுக்கி மூடி வைத்தேன். மறுநாள் மூடி பறந்து சுவரில் அடித்தது. ஏன்? (வாசகர், திருவொற்றியூர்)

சுண்ணாம்பு குறைவாக இருந்திருக்கும், அல்லது வெயிலில் அதன் வேலை முடிந்திருக்கும். ஈஸ்ட் உள்ளே புகுந்து வாயுவை விட்டிருக்கிறது. மூடி பறந்தது நல்லதாகப் போயிற்று, கண்ணாடி பாட்டில் என்றால் வெடித்திருக்கும். பதநீரை வாங்கிய காலையிலேயே குடித்துவிடுங்கள். மிஞ்சினால் ஒரு கைப்பிடி பச்சரிசி போட்டுக் கஞ்சியாக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்.