பனியாற்றை எங்கே நின்று பார்ப்பது?

கேள்வி: என் மகன் ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். வரும் செப்டம்பரில் எங்கள் இருவரையும் அழைத்திருக்கிறான். சுவிட்சர்லாந்தில் மூன்று நாள் தங்கிப் பனியாறு பார்ப்பதாகத் திட்டம். யுங்ஃபிராவ்யோக்கிற்கு ரயிலில் போவதா, கேபிள் காரில் எக்கிஸ்ஹார்ன் ஏறி அலெட்ச் பனியாற்றைப் பார்ப்பதா, வழிகாட்டியுடன் பனியின் மேலேயே நடப்பதா என்று கேட்டு, முடிவை எங்களிடமே விட்டுவிட்டான். எனக்கு 58 வயது, மூட்டுவலி உண்டு. வீட்டுக்காரருக்கு 64 வயது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ‘இவ்வளவு செலவு எதற்கு, கோமுகம் போனால் புண்ணியமாவது சேரும்’ என்கிறார் என் நங்கையா. எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
— ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் நங்கையா சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். கங்கோத்ரி வரை வண்டி போகும். அங்கிருந்து கோமுகத்துக்கு ஏறத்தாழ 18 கிலோமீட்டர் மலைப்பாதையில் நடக்க வேண்டும், திரும்பவும் அதே தூரம். வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. போய்ச் சேரும் இடம் ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மூட்டுவலியோடும் இரத்த அழுத்தத்தோடும் ஏறுகிற வழி அல்ல அது. அதோடு, வெள்ளை வெளேரென்ற பனியை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே ஓர் ஏமாற்றமும் காத்திருக்கும். பனியாற்றின் முகப்பு சரளைக் கல்லும் மண்ணும் மூடிக் கிடக்கும்; அதன் அடியிலிருந்து கங்கையின் தலையாறான பாகீரதி சாம்பல் நிறத்தில் புறப்படும். பாறையைப் பனி அரைத்த மாவு கலந்த நீர் என்பதால்தான் அந்த நிறம்.

இந்த இடத்தில் ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் நாளிதழ்கள் இதையும் கடலில் மிதக்கும் பனிக்கட்டியையும் சேர்த்துப் ‘பனிப்பாறை’ என்றே எழுதிவிடுகின்றன. நீங்கள் எழுதியிருக்கும் ‘பனியாறு’தான் பொருத்தம், ஏனென்றால் அது பாறையைப் போல நிற்பதில்லை, ஓடுகிறது. ஆண்டாண்டாகப் பெய்த பனி தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவில் மெல்ல மெல்ல வழிந்து இறங்குவதே பனியாறு. அந்த ஓட்டம் கண்ணுக்குப் புலப்படும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

யுங்ஃபிராவ்யோக் நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1912-இல் திறந்த பாதை; கடைசி 7 கிலோமீட்டருக்கு மேல் மலையைக் குடைந்த சுரங்கத்துக்குள்ளேயே செல்கிறது. கல்லாறு தாண்டியதும் நம் மேட்டுப்பாளையம் ரயில் பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள், அங்கும் பல்சக்கரம்தான். (நம் ஊட்டி ரயிலின் பழைய எஞ்சின்களைச் செய்து அனுப்பியதும் சுவிட்சர்லாந்துதான்.) ஆனால் மேலே நின்றால் உங்களுக்குத் தெரிவது பனியாற்றின் தலைப்பகுதி, அதாவது அகன்ற வெண்பரப்பு. அழகுதான், மறுக்கவில்லை, எனினும் அது பனி பெய்து கிடக்கும் வயல் போலத் தோன்றுமே தவிர ஆறு போலத் தோன்றாது. பனிக்குள் குடைந்த அறைகளும் அங்கே உண்டு. பார்க்க வருகிறவர்களின் உடற்சூட்டில் உருகிவிடாதபடி அவற்றைக் குளிரூட்டியே காக்கிறார்கள். அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். தொட்டபெட்டாவின் உயரமே 2,637 மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். கட்டணமும் கனமானது.

எக்கிஸ்ஹார்னுக்கு ஃபீஷ் என்ற ஊரிலிருந்து இரண்டு கட்டமாக ஏற வேண்டும். மேல் நிலையம் 2,869 மீட்டர். இறங்கிச் சில அடி நடந்தால் அலெட்ச் முழுவதும் காலடியில் வளைந்து கிடக்கும்: ஏறத்தாழ 20 கிலோமீட்டர், கோபியிலிருந்து சத்தியமங்கலத்தை நெருங்கும் தூரம். அதன் முதுகில் நீளவாக்கில் இரண்டு கருங்கோடுகள் ஓடுவதைக் கவனியுங்கள். மேலே கான்கார்டியா என்ற இடத்தில் கிளைப் பனியாறுகள் ஒன்றுகூடும்போது அவற்றின் கரையோரக் கற்கள் நடுவில் அகப்பட்டு, பிரியாமல் கூடவே இறங்கி வந்த தடம் அது. பவானி கூடுதுறையில் இரண்டு ஆறுகளின் நீர் கலந்துவிடும், இங்கே கலப்பதில்லை. அதே கான்கார்டியாவில் 1877-இல் மலையேறிகளுக்குக் கட்டிய குடில் அன்று பனிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் மேலே இருந்தது. பனி தாழ்ந்துகொண்டே போனதால், இன்று அங்கிருந்து பனிக்கு இறங்க 150 மீட்டருக்கும் மேல் இரும்புப் படிகள் வேண்டியிருக்கின்றன.

பனியின் மேல் நடப்பது உங்கள் மகனுக்கு. செப்டம்பரில் மேற்பனி கரைந்து வெடிப்புகள் வெளியே தெரியும் என்பது ஒரு வசதி. ஆனாலும் கயிற்றில் பிணைத்து, முள் வைத்த இரும்பைக் காலணியில் மாட்டிக்கொண்டு, பல மணி நேரம் நடக்க வேண்டும். பவானிசாகர் அணையின் மேல் நின்று நீர்ப்பரப்பைப் பார்ப்பது ஒன்று, கொடிவேரி அருவியில் தலையைக் கொடுத்து நிற்பது வேறொன்று. இரண்டாவதற்கு முழங்கால் ஒத்துழைக்க வேண்டும். வழிகாட்டி இல்லாமல் பனியில் கால் வைக்கவே கூடாது என்று அவரிடமும் சொல்லுங்கள்.

ஆகவே உங்கள் இருவருக்கும் எக்கிஸ்ஹார்ன். புறப்படுமுன் வீட்டுக்காரரின் மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று நாளில் இரண்டு இரவாவது ஃபீஷ் பக்கத்திலேயே தங்குங்கள். சீட்டை முன்கூட்டியே வாங்காதீர்கள். காலையில் எழுந்ததும் மேல் நிலையத்தின் கேமரா படத்தைக் கைப்பேசியில் பார்த்து, மேகம் விலகியிருந்தால் மட்டும் வாங்குங்கள். ஒருமுறை நான் பணம் கட்டிவிட்டோமே என்று மூடுபனியில் ஏறி, கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் வெள்ளைத் திரையை மட்டும் பார்த்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் காபி குடித்திருக்கிறேன். கறுப்புக் கண்ணாடியும் கையுறையும் இங்கிருந்தே எடுத்துப் போங்கள். அங்கே விலை கேட்டால் உங்களுக்கும் இரத்த அழுத்தம் ஏறும்.