குழந்தையிடம் இனம், நிறம் பற்றி எந்த வயதில் பேசுவது?

கேட்டவருக்கு நாலைந்து வயதில் பிள்ளை இருக்கும், பள்ளியில் ஏதோ நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஒன்றும் நடக்காதவரை இந்தக் கேள்வி எனக்கும் தோன்றவில்லை.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. குளிக்கும்போது சோப்பைப் போட்டு ஒரே கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், தோல் சிவக்கும்வரை. கேட்டால், கூடப் படிக்கும் பெண் "உன் கை அழுக்கு, பிடிக்க மாட்டேன்" என்றாளாம். "எல்லாரும் ஒண்ணுதான்டா கண்ணு" என்றேன். "அப்போ ஏன் என்கிட்ட மட்டும் சொன்னா?" என்றாள். பேசாமல் துண்டை எடுத்துத் துடைத்துவிட்டேன்.

அப்புறம்தான் உறைத்தது, நான் சொன்னது என் அப்பாவின் பதில். பிழைக்க வந்த இடத்தில் தலை நிமிராமல் வேலை பார்த்தவர். பேருந்தில் நான் தமிழில் சத்தமாகப் பேசினால் தொடையில் மெல்லத் தட்டுவார். மனைவி வளர்ந்த வீடு வேறு மாதிரி. அன்று ராத்திரியே மகளிடம், "அவ சொன்னது தப்பு. அழுக்குன்னா கழுவினா போகும், இது உன் நிறம்" என்று முடித்துவிட்டாள்.

வயது என்று கேட்டால், பள்ளியில் சேர்ப்பதற்கு முன்பே என்பேன். 1940களில் அமெரிக்காவில் உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி 3 முதல் 7 வயதுவரையிலான கறுப்பினக் குழந்தைகளிடம் கறுப்பு பொம்மையையும் வெள்ளை பொம்மையையும் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான குழந்தைகள் காட்டியது வெள்ளையை. நாம் வாயைத் திறக்காவிட்டாலும் யாரோ சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"அங்கே போய்ச் சம்பாதித்துக்கொண்டு குறை வேறா" என்று ஒருவராவது கீழே வந்து எழுதுவார். ஐயா, நான் பிறந்ததே இங்கேதான். அது கிடக்கட்டும், இவள் பிறந்த அன்று போனில் சொந்த அத்தை கேட்ட முதல் கேள்வி "கலரு யார் மாதிரி?" அடுத்தவர்களை மட்டும் சொல்லி என்ன செய்ய?

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோபத்தில் "இனி அவளோடு சேராதே" என்று மகளிடம் சொல்லிவிட்டேன். மனைவி எவ்வளவோ சொன்னாள், கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கூப்பிடப் போனபோது இரண்டு பேரும் ஒரே ஊஞ்சலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் என் மகள்தான் சட்டென்று இறங்கித் தள்ளி நின்றாள்.