மருந்தாளர் இல்லாத நேரத்தில் மருந்து தர மறுத்தது சரியா?

சிங்கப்பூரில் ஒரு மருந்தகத்தின் மருந்தாளர் மதிய உணவுக்குச் சென்றிருந்தபோது, நீங்கள் கேட்ட மருந்தை ஊழியர் தர மறுத்தது சரியே. அந்த மருந்து பெரும்பாலும் மருந்தகத்தில் மட்டும் கிடைக்கும் வகையாக இருக்கும். அதற்கு மருத்துவரின் சீட்டு தேவையில்லை என்றாலும், பதிவுபெற்ற மருந்தாளர் தாமே கொடுக்கவேண்டும், அல்லது அவருடைய மேற்பார்வையில் கொடுக்கப்படவேண்டும். உங்கள் பெயரையும் விவரங்களையும் கேட்டுப் பதிந்துகொள்வதும் அந்தக் கடமையின் ஒரு பகுதிதான், வீண் வம்பு அல்ல.

மருந்துகளை ஒழுங்குபடுத்தும் சுகாதார அறிவியல் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் மருந்தின் பெயரைத் தேடினால், அது எந்த வகை என்பது தெரியும். பாரசிட்டமால் போன்ற, எந்தக் கடையிலும் விற்கக்கூடிய பொது விற்பனை மருந்தையும் மறுத்திருந்தால், அது கடையின் சொந்த விதியாக இருக்கலாம். சட்டம் அப்படிக் கேட்பதில்லை.

ஆனால் நீங்கள் கேட்டது சீட்டு கட்டாயமான மருந்து என்றால், மருந்தாளர் திரும்பி வந்தாலும் பொதுவாகச் சீட்டில்லாமல் தரமாட்டார்.