வேர்க்கடலை அலர்ஜி: சிட்டிகைப் பொடியை வீட்டிலேயே தொடங்கலாமா?

கேள்வி: நாங்கள் ஆந்திர எல்லையில், பள்ளிப்பட்டில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது, 18 கிலோ. புத்தூரில் உறவினர் வீட்டில் இட்லிக்கு வேர்க்கடலைச் சட்னி தொட்டுக்கொண்டதும் உதடு வீங்கி, வாந்தி எடுத்து, மூச்சு இரைத்தது. தினம் ஒரு சிட்டிகை வேர்க்கடலைப் பொடி கொடுத்தால் மூன்று மாதத்தில் பழகிவிடும் என்று ஒருவர் பொடி டப்பாவும் முடிப் பரிசோதனையும் சேர்த்து 'பேக்கேஜ்' தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. அலர்ஜி தரும் உணவையே துளித்துளியாக ஏற்றி உடலைப் பழக்கும் சிகிச்சை உண்டு. 2020-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பால்ஃபோர்சியா என்ற மருந்தும் வேர்க்கடலைப் பொடிதான். ஆனால் அதில் முதல் வேளை அரை மில்லிகிராம் புரதம். உங்கள் சிட்டிகை கால் கிராம் என்றே வையுங்கள். வேர்க்கடலையில் நாலில் ஒரு பங்கு புரதம். ஆக, அறுபது மில்லிகிராம்; நூற்றிருபது மடங்கு!

முறையான சிகிச்சையில் முதல் நாளும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளவை ஏற்றும் நாளும் மருத்துவர் கண்ணெதிரே நடக்கும். சுமார் ஒரு பருப்புக்குச் சமமான 300 மில்லிகிராம் புரதத்தை எட்டவே ஐந்தாறு மாதம். 2018-இல் வெளியான ஆய்வில், சிகிச்சை பெற்ற பிள்ளைகளில் 67 சதவீதம் பேர் இரண்டு பருப்பளவு தாங்கினார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்றுப்பொடி பெற்றவர்களில் 4 சதவீதம். தவறி வாயில் பட்டால் தப்பிக்கத்தான் இது. சட்னி சாப்பிட அல்ல. நிறுத்தினால் பலருக்கு அலர்ஜி திரும்பிவிடும். காய்ச்சல் நாளிலோ, பொடி தின்றதும் ஓடியாடினாலோ, நேற்றுத் தாங்கிய அளவே இன்று மூச்சை அடைக்கலாம். இதெல்லாம் டப்பா விற்பவருக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்.

முடிப் பரிசோதனை பணத்துக்குக் கேடு. ஐஜிஜி ரத்தப் பரிசோதனையும் அப்படியே. அது காட்டுவது பிள்ளை எதைச் சாப்பிட்டான் என்பதை மட்டுமே. கேட்க வேண்டியது, அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்பொருளான ஐஜிஇ-யை அளக்கும் பரிசோதனை. அதிலும் ஒரு எச்சரிக்கை. பட்டியலில் கோதுமை, பால் என்று பத்து 'பாசிட்டிவ்' வரும். அவன் தினமும் சாப்பிட்டுத் தொந்தரவே இல்லாத உணவை அந்தக் காகிதத்தை நம்பி நிறுத்தாதீர்கள். பாசிட்டிவ் என்பது அலர்ஜி என்றாகாது. தாங்கும் உணவை மாதக்கணக்கில் நிறுத்தினால், பிறகு கொடுக்கும்போது நிஜமான அலர்ஜியே வரலாம். சந்தேகமிருந்தால் மருத்துவமனையில் வைத்து ஊட்டிப் பார்ப்பதே தீர்ப்பு. இதைச் சொல்லாமல் பட்டியலை மட்டும் கையில் திணிக்கிற லேப்கள் எத்தனை!

ஐஜிஇ-யை முடக்கும் ஓமலிசுமாப் ஊசிக்கு 2024-இல் அமெரிக்காவில் உணவு அலர்ஜிக்கும் ஒப்புதல் கிடைத்தது. விலை அதிகம், தொடர்ந்து போட வேண்டும்.

இப்போது அவசரம் அட்ரினலின் ஊசி. மூச்சு இரைத்தால் முதலில் போட வேண்டியது அதுவே. ஆனால் நம் பக்கம் அவில் ஊசி போட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். அவில் அரிப்பை அடக்கும், மூச்சுக்குழாயைத் திறக்காது. உங்கள் மகனின் எடைக்கு, மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அட்ரினலின் உள்ள ஆம்ப்யூலில் (சிறு கண்ணாடிக் குப்பி) 0.18 மில்லிலிட்டர், தொடையின் வெளிப்பக்கத் தசையில். மருத்துவரிடம் அளவை எழுதி வாங்கி, ஒரு மில்லி சிரிஞ்சில் போடப் பழகுங்கள். இன்சுலின் சிரிஞ்ச் வேண்டாம்: ஊசி குட்டை, தசைக்கு எட்டாது, அளவுக் கோடுகளும் குழப்பும். போட்டதும் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். இரைப்பு அதிகமென்றால் உட்காரட்டும். ஐந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு ஊசி. ஆகவே இரண்டு ஆம்ப்யூல் கையில் இருக்கட்டும்.

புத்தூர், நகரி போனால் பெயரையும் கவனியுங்கள். பல்லீலு, வேருசெனக, செனக்காய மூன்றும் வேர்க்கடலையே. செனகப்பப்பு என்றால் கடலைப்பருப்பு. மூன்று பெயரையும் சொல்லிக் கேட்டுவிட்டு இட்லித் தட்டில் கை வையுங்கள்.