மாறியது நானா, என் டைம்லைனா?

கேள்வி: யாரும் எதையும் பேசலாம் என்பதில் எனக்கு உறுதியான நம்பிக்கை இருந்தது. சில வருடங்களாகச் சமூக ஊடகங்களில்தான் அதிக நேரம் கழிகிறது. இப்போதெல்லாம் ‘இவர்களைப் பேசவே விடக்கூடாது’ என்று அடிக்கடி தோன்றுகிறது. ஆனால் நானே ஒரு பதிவு போட நினைத்தால் பயமாக இருக்கிறது. இது ஏன்? என்ன செய்வது?

பதில்: உங்கள் இரண்டு உணர்வுகளும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

முதலில் டைம்லைனைப் பார்ப்போம். 2017இல் வெளியான ஓர் ஆய்வு, அரசியல் விவாதங்கள் குறித்த லட்சக்கணக்கான ட்வீட்டுகளை அலசியது. அறமும் உணர்ச்சியும் கலந்து தொனிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ட்வீட் பரவும் வாய்ப்பு சுமார் 20 சதவீதம் கூடியது. எழுதுபவர்களோ மிகச் சிலர். அமெரிக்காவில் ட்விட்டர் பயன்படுத்திய பெரியவர்களில் 10 சதவீதம் பேர்தான் 80 சதவீத ட்வீட்டுகளை எழுதினார்கள் என்று 2019இல் பியூ ஆய்வு மையம் கண்டறிந்தது. எதிர்த்தரப்பு என்று நீங்கள் தினமும் பார்ப்பது அந்தத் தரப்பில் அதிகம் கத்துகிறவர்களை. அவர்களை வைத்து மொத்தத் தரப்பையும் எடைபோட்டால் யாருக்கும் தடை கேட்கத்தான் தோன்றும்.

இன்னொன்று, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. ‘இதைப் படித்து நான் ஏமாற மாட்டேன், மற்றவர்கள் ஏமாந்துவிடுவார்கள்’ என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம். சமூகவியலாளர் பிலிப்ஸ் டேவிசன் 1983இல் இதற்கு ‘மூன்றாம் நபர் விளைவு’ என்று பெயரிட்டார். இந்த எண்ணம் வலுவாக உள்ளவர்கள் தணிக்கையை அதிகம் ஆதரிப்பதைப் பின்னால் வந்த பல ஆய்வுகள் காட்டின. அடுத்த முறை தடை வேண்டும் என்று தோன்றினால், யாரைக் காப்பாற்ற நினைக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் முகம் தெரியாத ஓர் ‘அப்பாவி’தான் மனதில் இருப்பார். அவரும் உங்களைப் பற்றி அப்படியே நினைத்துக்கொண்டிருக்கலாம்.

சரி, எழுதப் பயப்படுவது? அமெரிக்க அரசின் ரகசியக் கண்காணிப்பை எட்வர்ட் ஸ்னோடன் அம்பலப்படுத்திய விவகாரம் பற்றி அமெரிக்கர்களிடம் பியூ கேட்டபோது, நேரில் பேசத் தயார் என்றவர்கள் 86 சதவீதம். ஃபேஸ்புக், ட்விட்டர் பயன்படுத்தியவர்களில் அங்கே எழுதத் தயார் என்றவர்கள் 42 சதவீதம். நிதானமானவர்கள் ஒதுங்க ஒதுங்க, கத்துகிறவர்களே மிஞ்சுகிறார்கள். உங்கள் மௌனமும் அந்த டைம்லைனை அப்படி ஆக்குகிறது.

என் யோசனை இது. மிரட்டல், ஒருவருடைய முகவரியை அம்பலப்படுத்துவது, வன்முறைக்குத் தூண்டுவது ஆகியவற்றைத் தயங்காமல் ரிப்போர்ட் செய்யுங்கள். 1966இன் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையே கருத்துச் சுதந்திரத்தை உறுதிசெய்துவிட்டு, வெறுப்பைப் பரப்பி வன்முறைக்குத் தூண்டும் பேச்சைச் சட்டத்தால் தடுக்கச் சொல்கிறது. எரிச்சலூட்டும், முட்டாள்தனமான, தவறான கருத்து என்றால் மியூட் போதும். நான் கேட்க விரும்பவில்லை என்பது வேறு, யாருமே கேட்கக்கூடாது என்பது வேறு. இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்புவதுதான் உங்களுக்கு நேர்ந்த மாற்றம்.

எதில் சேர்ப்பது என்று தெரியாவிட்டால், அதே வாக்கியத்தை உங்கள் தரப்புக்காரர் எழுதியதாக நினைத்துப் பாருங்கள். அப்போதும் நீக்கச் சொல்வீர்களா?

அப்புறம், எழுதும் பழக்கத்தைச் சின்னதாகத் தொடங்குங்கள். உங்களோடு உடன்படாத, ஆனால் நீங்கள் மதிக்கும் ஒருவரிடம் அந்தக் கருத்தை நேரில் சொல்லுங்கள். அவர் எங்கே முகம் சுளிக்கிறார் என்று பார்த்து, அந்த இடத்தைச் சரிசெய்து, பிறகு பதிவிடுங்கள்.