பேக்டீரியா விஷத்துக்கு பழகுமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: சார், பி.எஸ்சி மைக்ரோபயாலஜி படிக்கிறேன். ஈ.கோலைக்கு (குடல்ல வாழுற ஒரு பேக்டீரியா) கெமிக்கலை கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போனா தாங்க ஆரம்பிச்சிடும்னு மேடம் சொன்னாங்க. தினமும் குடிக்கிறவனுக்கு போதை ஏறாத மாதிரி அதுக்கும் பழகிடுமா?

பதில்: இல்லப்பா, குடிக்கிறவன் விஷயத்துல மாறுறது அதே ஆளோட உடம்பு, இங்க ஆளே மாறிடுது. நல்லா வளர்ந்த கல்ச்சர்ல (பேக்டீரியா வளர்ற திரவம்) ஒரு மில்லில நூறு கோடி செல் வரைக்கும் இருக்கும், சில ஆயிரம் தடவை பிரிஞ்சா ஒரு மியூட்டேஷன் (டிஎன்ஏல வர்ற மாற்றம்) வரும்னு வச்சா கூட அந்த ஒரு மில்லிலயே லட்சக்கணக்குல மியூட்டேஷன் கிடக்கு. கெமிக்கல ஊத்துனதும் அதுல எது கொஞ்சம் வேகமா வளருதோ அதோட வாரிசு தான் ஃபிளாஸ்க்க நிறைக்கும், அதுல துளி எடுத்து புது மீடியத்துல (பேக்டீரியாவுக்கான சத்து திரவம்) விட்டு டோஸை ஏத்தி மறுபடி மறுபடி இதையே செய்வாங்க, அவ்ளோதான் டெக்னிக்.

ஐசோபியூட்டனால் கேஸை பாருங்க. பெட்ரோல்ல கலக்கக்கூடிய ஆல்கஹால் இது. 2008ல அமெரிக்கால கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் லாஸ் ஏஞ்சலஸ்ல ஜேம்ஸ் லியாவ் குழு ஈ.கோலைய வச்சு சர்க்கரைல இருந்து லிட்டருக்கு 22 கிராம் வரைக்கும் எடுத்தாங்க. ஆனா இது செல்லோட சவ்வுல புகுந்து அதை கெடுக்கும், அதாவது தான் செய்யிற சரக்கே அதுக்கு விஷம். அதனால தாங்குற ரகத்தை இப்படி வளர்த்து எடுத்து அதோட ஜீனோமை (மொத்த டிஎன்ஏ) படிச்சு 2010ல வெளியிட்டாங்க. அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், மருந்து மாதிரி பொருளையெல்லாம் வெளிய தள்ளுற பம்ப்ல ஒரு பாகம் ஏக்ர்ஏ, அது கெட்டுப்போனது தான் இங்க உதவுச்சு! டொலுவீன்ங்கிற கரைப்பான்லயே வாழுற சூடோமோனாஸ் பேக்டீரியால நேர் எதிர், அங்க பம்ப் தான் உயிர காப்பாத்துது. உக்காந்து டிசைன் பண்ணிருந்தா யாரும் பம்பை உடைச்சிருக்க மாட்டாங்க.

கேள்வி: அப்போ தாங்குற பேக்டீரியா ஐசோபியூட்டனாலையும் அதிகமா செய்யுமா?

பதில்: அதான் செய்யல. தாங்குச்சே தவிர ஐசோபியூட்டனால் கூடுதலா வரல. ஏன்னா நாம தேர்ந்தெடுத்தது வளர்ச்சிய மட்டும் தான், சரக்கு செய்யிறதுன்னா சர்க்கரைல ஒரு பங்கை அதுக்கு விட்டுக்குடுக்கணும், செய்யாத செல் தான் அந்த ரேஸ்ல முந்தும். அதனால உற்பத்திய தனியா அளந்து பாக்காம "ரகம் ரெடி"ன்னு சொல்லக்கூடாதுன்றது என் உறுதியான கருத்து.

கேள்வி: எங்க காலேஜ் லேப்ல செய்யலாமா?

பதில்: கைடு கூட இருந்தா தாராளமா. ஆனா ஒண்ணு, மார்ங்கிற (mar) ஜீன்ல வர்ற சில மியூட்டேஷன் பம்பை கூட்டிவிட்டு சால்வென்ட்டோட (கரைப்பான்) சேர்த்து ஆன்டிபயாட்டிக்கையும் தாங்க வச்சிடும். அதனால மிச்ச கல்ச்சர சிங்க்ல ஊத்தாதீங்க. ஆட்டோகிளேவ்ல (அழுத்தமான நீராவில கிருமி கொல்ற மெஷின்) 121 டிகிரில போட்டு கொன்னுட்டு தான் கொட்டணும், ஆனா சால்வென்ட் கலந்த மீடியத்தை ஆட்டோகிளேவ்ல வைக்கலாமான்னு முதல்ல கைடு கிட்ட கேளுங்க, அது ஆவியாகி தீப்பிடிக்கிற பொருள்.